ஜீப் பழசு, துரு புதுசு! பாரிவாக்கம் ஏரிக்காற்றில் இரும்பைக் காப்பாற்ற ஒரு போராட்டம்

பூந்தமல்லி வட்டாரத்தில் பழைய ஜீப் மோகம் - வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

பாரிவாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு பழைய ஜீப்பை ஐப்பசியில் நிறுத்திவிட்டுப் போங்கள். தை பிறந்ததும் வந்து பாருங்கள். வண்டி அதே இடத்தில்தான் இருக்கும். காலை வைக்கும் தரைத் தகடு மட்டும் இருக்காது!

பூந்தமல்லியில் இருந்து ஆவடி போகும் சாலையில் இருக்கிறது பாரிவாக்கம். ஒரு பக்கம் ஏரி. சுற்றிலும் ஒரு காலத்தில் நெல் வயல். இன்றைக்கு வீட்டு மனைகள், கிடங்குகள், லாரி ஷெட்டுகள். மனைகள் வந்தாலும் மண்ணின் ஈரம் போகவில்லை. மழை விட்டு ஒரு மாதம் ஆனாலும் தரை சொதசொதவென்று இருக்கும் இடங்கள் இன்னும் உண்டு.

இந்த ஈரத்தில்தான் பழைய ஜீப் பிரியர்கள் இரும்போடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பழைய ஜீப் என்றால் சிலருக்குக் கொள்ளை ஆசை. கூரை கிடையாது. கதவு கிடையாது. ஏ.சி. பற்றிப் பேச்சே கிடையாது. ஆனாலும் சாலையில் ஒரு வில்லீஸ் ஜீப் போனால், பக்கத்தில் போகும் புத்தம் புதிய காரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கிராமத்துப் பெரியவர்களுக்கு ஜீப் என்றால் சர்க்கார். "ஜீப்பு வருதுடா" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால், வருகிறவர் பி.டி.ஓ.வா, இன்ஸ்பெக்டரா என்பதுதான் அடுத்த கேள்வி. தேர்தல் வந்தால் வேட்பாளர் திறந்த ஜீப்பில் நின்று கும்பிட்டபடி வருவார். சினிமாவில் வில்லனின் அடியாட்கள் வந்து இறங்கியதும் ஜீப்பில் இருந்துதான். போடி பக்கத்து ஏலக்காய் மலைகளில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போனதும் ஜீப்தான்.

ஆவடி வாசனை

இந்த வட்டாரத்துக்கும் ராணுவ வண்டிக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்தது அல்ல.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆவடியை வெள்ளைக்காரர்கள் ராணுவத் தளவாடக் கிடங்காக ஆக்கினார்கள். "ஆவடி" என்ற பெயரே ஏதோ ராணுவ இங்கிலீஷ் வார்த்தைகளின் முதல் எழுத்துகள் என்று ஒரு கதை உலவுகிறது. அது கதைதான். ஊரின் பெயர் பழசு, கிடங்குதான் புதுசு.

1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மகாநாடுதான் "சோஷலிச பாணி சமுதாயம்" என்ற தீர்மானத்தைப் போட்டது. அடுத்த பத்து ஆண்டுகளில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. 1965-ல் முதல் "விஜயந்தா" டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. 1976-ல் ராணுவ வண்டி ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்துகொண்டது. "அர்ஜுன்" டாங்கி அங்கே உருவானதுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டும் 1960-களில் வந்தது. லேத், வெல்டிங், தகடு வேலை, முலாம் பூசுதல் என்று எது வேண்டுமானாலும் சைக்கிள் தூரத்தில். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று இந்தப் பக்கமே வீடு கட்டிக்கொண்டவர்களும் நிறைய. பழைய ராணுவ ஜீப்புக்கு இதைவிடத் தோதான ஊர் வேறு எது?

தொழில் தெரிந்த கைகள் இருக்கின்றன. கெடுப்பது காற்றில் இருக்கும் ஈரம்.

49 நாளில் பிறந்த வண்டி

ஜீப் பிறந்த கதை வேடிக்கையானது. 1940-ல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது. "எங்கும் போகிற சின்ன வண்டி வேண்டும், 49 நாளில் மாதிரி வண்டி காட்ட வேண்டும்" என்று கேட்டது. பெரும்பாலான கம்பெனிகள் பேசாமல் இருந்துவிட்டன. பாண்டம் என்ற சின்னக் கம்பெனி, கார்ல் பிராப்ஸ்ட் என்ற என்ஜினீயரைப் பிடித்து வரைபடம் போட்டு, 1940 செப்டம்பர் 23-ந் தேதி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது!

வண்டி பிடித்துப்போயிற்று. ஆனால் அந்தச் சின்னக் கம்பெனியால் லட்சக்கணக்கில் செய்துதர முடியாது என்று வில்லீஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளுக்கும் ஆர்டர் போனது. பெற்றவள் ஒருத்தி, பேர் வாங்கியது வேறு ஒருத்தி! போர் முடிவதற்குள் சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகள் உருண்டு வந்தன.

இரண்டு கம்பெனியும் ஒரே வண்டியைச் செய்தாலும், ஃபோர்டு தன் பாகங்களில் "எஃப்" என்ற எழுத்தைப் பொறித்துவிட்டது. போல்ட் தலையில்கூட "எஃப்"! வேறு கம்பெனி பாகம் உடைந்தால் தன் தலையில் விழக்கூடாதே என்ற முன்யோசனை. இன்றைக்கு அந்த "எஃப்" போல்ட்டுக்குச் சேகரிப்பவர்கள் அலைகிறார்கள். துருப்பிடித்து எழுத்து அழிந்தால் அது வெறும் போல்ட்.

பழைய ஜீப்பை வாங்கி ஏமாறுவது நம் நாட்டில் சர்க்காருக்கே நடந்திருக்கிறது. 1948-ல் காஷ்மீர்ச் சண்டைக்காக, புதுப்பித்த பழைய ஜீப்புகள் வாங்க லண்டனில் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டது. அப்போது அங்கே இந்திய ஹைகமிஷனர் வி.கே.கிருஷ்ண மேனன். 2 ஆயிரம் வண்டிகள் என்று பேச்சு. வந்து சேர்ந்தது 155. அவையும் உருப்படி இல்லை என்று புகார் எழுந்து பார்லிமெண்டில் ரகளை. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் விவகாரம் என்று இன்றும் சொல்லப்படுவது இதுதான். 1955-ல் சர்க்கார் அந்த விவகாரத்தை மூடிவிட்டது.

எந்த ஜீப்?

பழைய ஜீப் என்று பொதுவாகச் சொன்னாலும் நம் பக்கம் கிடைப்பது மூன்று ரகம்.

முதலாவது, போர்க்கால வில்லீஸ், ஃபோர்டு. அபூர்வம். விலையும் அப்படித்தான்.

இரண்டாவது, மகிந்திரா. 1940-களின் கடைசியில் பம்பாயில் பாகங்களைப் பூட்டத் தொடங்கிய கம்பெனி, பிறகு உரிமம் பெற்று இங்கேயே செய்தது. பானெட் உயரமாகத் தூக்கி நிற்குமே, அந்த மாடலை அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திவிட்டார்கள். இங்கே அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. அதனால்தான் உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது. புதுப்பேட்டையில் பொறுமையாகச் சந்து சந்தாக ஏறி இறங்கினால் அச்சில் இருந்து ஆணி வரை தேடிப் பிடிக்கலாம். வாங்கியதற்கு ரசீது கேட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, "ஜோங்கா". ஜப்பான் நிசான் வண்டியை ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை செய்தார்கள். நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். யானைப் பலம், யானைத் தீனி! பெட்ரோல் போட்டு மாளாமல் பலர் டீசல் என்ஜினைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அது பின்னால் என்ன வம்பில் மாட்டிவிடும் என்பது கடைசியில் வருகிறது.

தட்டிப் பார், தெரியும்!

பழைய ஜீப் விற்கும் இடத்தில் வழக்கமாக நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"ஏன்ணே, வண்டி ஓடுமா?"

"தள்ளினா ஓடும் சார். தள்ளாம ஓடணும்னா நீங்கதான் கொஞ்சம் செலவு பண்ணணும்."

"துரு கிரு இருக்கா?"

"மேலுக்கு லேசா இருக்கு சார். பட்டி பாத்து ஒரு கோட்டிங் அடிச்சா புது வண்டி மாதிரி ஆயிடும்."

அந்த "மேலுக்கு லேசா"தான் ஆளைக் கவிழ்ப்பது. பட்டி வைத்து, தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டால் ஓட்டை ஒன்றும் வெளியில் தெரியாது. முதல் மழைக்குப் பட்டி உப்பி வரும். இரண்டாம் மழைக்கு அப்பளம் போல் நொறுங்கும்.

கண்டுபிடிக்க வழி சுலபம். ஒரு சின்னக் காந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் கவ்வும். கனமாகப் பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும். அடுத்தது ஒரு சுத்தியல். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும். துருத் தின்ற இரும்பு "தொப்" என்று சொல்லும். விற்பவர் முகத்தைப் பார்க்காமல் தட்ட வேண்டும்.

உள்ளே மரக்கட்டை!

எங்கே தட்டுவது?

வில்லீஸ் ஜீப்பின் தரைக்கு அடியில், தொப்பி வடிவத்தில் மடித்த தகடுகள் தாங்கிக்கொண்டு இருக்கும். அந்தத் தகட்டுக்குள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? மரக்கட்டை! போர்க்காலத்தில் வண்டி விறைப்பாக இருக்க மரத்தை உள்ளே வைத்து மூடினார்கள். மூன்று, நாலு ஆண்டு சண்டையில் ஓடினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. 80 ஆண்டு கழித்து ஒருவர் பாரிவாக்கத்தில் வைத்து ஓட்டுவார் என்று யார் நினைத்தார்கள்?

அந்த மரம் மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே ஈரம் காயாது. தகடு உள்ளிருந்தே அரிக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும், கீழே ஒன்றும் இருக்காது. வண்டியைப் பிரிக்கும்போது முதலில் எடுத்து எறிய வேண்டியது அந்த மரத்தை. திரும்ப வைத்தே ஆக வேண்டும் என்கிற சுத்தக்காரர்கள், நன்றாக உலர்ந்த மரத்தைப் பெயிண்டில் முக்கி எடுத்து வைப்பது நல்லது.

இரண்டாவது இடம், டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்க். அது உட்கார ஒரு பள்ளம் உண்டு. பள்ளம் என்றால் தண்ணீர் நிற்கும். தண்ணீர் வடிய வைத்த துளையை மண் அடைத்திருக்கும்.

மூன்றாவதுதான் உயிர் போகிற இடம். சேஸ்! பெட்டி மாதிரி மூடிய இரும்பு நீளங்கள். மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். வெளியே வர வழி இல்லை. சேஸின் பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகள், முன் பம்பருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு இருக்கும் முனைகள் மூன்றையும் சுரண்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. தரைத் தகடு போனால் கால்தான் ரோட்டில் படும். ஸ்பிரிங் கொக்கி ஓடும்போது விட்டுப்போனால் வண்டியே ரோட்டில் படுக்கும்.

ராத்திரியோடு ராத்திரியாக...

இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. தண்ணீர் என்றால் மழையே பெய்ய வேண்டியது இல்லை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போனாலே துருவின் வேகம் ஏறிவிடும். சென்னையில் அது இல்லாத நாளைத்தான் தேட வேண்டும்.

சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 140 சென்டி மீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றே மாதத்தில் கொட்டும். மார்கழியில் மழை நின்றாலும் பனி விடாது. விடியற்காலையில் ஏரிப் பக்கம் நிற்கும் வண்டியைத் தொட்டால் கை நனையும். ஒவ்வொரு நாளும் இரும்புக்கு ஒரு குளியல்!

கடல் இங்கிருந்து சுமார் 20 கிலோ மீட்டர். அதனால் எண்ணூர், திருவொற்றியூர் மாதிரி உப்புக்காற்று அடிப்பதில்லை. அந்த மட்டில் பாரிவாக்கத்துக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

துருவின் கெட்ட குணம், அது இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகடுகள் ஒட்டும் இடத்தில் கொஞ்சம் புகுந்துவிட்டால், உள்ளேயே ஊதி, தகட்டையே பிளந்துவிடும்.

சுரண்டிச் சுத்தம் செய்த இரும்பு நவம்பர் மாதத்தில் ஒரே ராத்திரியில் பழுப்பு நிறமாகிவிடும். காலையில் வந்து பார்த்து, "நேத்துதானேப்பா தேய்ச்சோம்?" என்று தலையில் கை வைக்கிறவர்கள் உண்டு. அதனால் தொழில் தெரிந்தவர்கள் போடும் கணக்கு ஒன்றே: பொங்கல் முடிந்து வண்டியைப் பிரி, கத்திரி வெயிலில் பெயிண்ட் அடி, ஆடிக் காற்றுக்குள் பூட்டு, ஐப்பசிக்கு முன் கூரைக்குள் ஏற்று. ஆயுத பூஜைக்கு ஓட்ட வேண்டும் என்று புரட்டாசியில் தொடங்குகிறவர்கள் அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் ஓட்டுவார்கள்.

கடுக்காய் வைத்தியம்

துருவை எடுக்க வழிகள் பல. கம்பி பிரஷ், உப்புத்தாள் என்று கையால் தேய்ப்பது ஏழை வழி. நேரம் பிடிக்கும், ஆனால் தகடு கெடாது.

மணல் அடித்துச் சுத்தம் செய்வது வேகமான வழி. ஆனால் மெல்லிய தகட்டில் ஒரே இடத்தில் அடித்தால் சூடேறி நெளிந்துவிடும். சேஸ், ஆக்சில் மாதிரி கனமான இரும்புக்குத்தான் அது சரி. இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆற்று மணலை அடித்தால் பறக்கும் தூசி நுரையீரலில் உட்கார்ந்து ஆளையே கொல்லும். பிரிட்டனில் 1949-லேயே விதி போட்டு வார்ப்பட வேலையில் மணலைத் தடுத்துவிட்டார்கள். வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பையனை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பது சரியல்ல. உலோகத் தூள் அல்லது கசடுத் தூள் கொண்டு, முகமூடியோடு, மூடிய அறையில் செய்யும் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். அடித்த அன்றே, வெயில் இறங்குமுன் பிரைமர் பூசிவிட வேண்டும்.

சின்னப் பாகங்களுக்கு மின்சார வைத்தியம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. பாட்டரி சார்ஜரின் நெகடிவ் முனையில் துருப்பிடித்த பாகம், பாசிடிவ் முனையில் ஒரு வெட்டி இரும்பு. ஒரு ராத்திரியில் துரு கழன்று கறுப்புச் சேறாக வந்துவிடும். வெட்டி இரும்புக்குப் பதில் எவர்சில்வர் தட்டைத் தொங்கவிட்டால் குரோமிய விஷம் தண்ணீரில் இறங்கும். அதைச் செய்யவே கூடாது. கிளம்பும் வாயு தீப்பிடிக்கும்; பக்கத்தில் பீடி ஆகாது.

துருவை எடுக்காமல் மாற்றுகிற வைத்தியமும் உண்டு. அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்கள் அல்லவா? கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் அழியாத கறுப்பு. கடையில் டப்பாவில் விற்கும் பல "துரு மாற்றி" மருந்துகளில் வேலை செய்வதும் அதே துவர்ப்புச் சத்துதான்! பழுப்புத் துருவின்மேல் பூசினால் கறுத்து இறுகும். இன்னொரு வகை பாஸ்பாரிக் அமிலம். எதுவானாலும் மேல் துருவுக்குத்தான் மருந்து. ஓட்டைக்கு மருந்து இல்லை; ஓட்டைக்குத் தகடுதான்.

ஒட்டுப் போடுவதில் ஒரு திருட்டு

தகடு மாற்றுவதிலும் இரண்டு விதம் இருக்கிறது. துருத் தின்ற பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கேஜ் தகட்டை அளவாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் வைத்துப் பற்றவைப்பது ஒன்று. துருவின் மேலேயே ஒரு தகட்டைப் போர்த்தி நாலு பக்கமும் பற்றவைத்துவிடுவது மற்றது. இரண்டாவது வேலை அரை நாளில் முடியும். இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் சிறைப்படும். இரண்டே மழைக்காலத்தில் பழைய தகட்டோடு புதுத் தகடும் போய்விடும். டிங்கர் வேலைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பெட்ரோல் டேங்கைப் பற்றவைப்பது மட்டும் விளையாட்டு அல்ல. காலி டேங்க்தானே என்று நெருப்பு வைத்தால், உள்ளே இருக்கும் ஆவி வெடிகுண்டு. பெட்ரோல் தீர்ந்து பல ஆண்டு ஆன டேங்கும் வெடித்திருக்கிறது. அந்த வேலையை அதற்கென்றே இருப்பவரிடம் கொடுப்பது உயிருக்கு நல்லது.

இறுகிப்போன நட்டுக்கு மட்டும் ஒரு பழைய தந்திரம். நட்டைச் சூடாக்கி, மெழுகுவர்த்தியை மரையில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். ஆறுவதற்குள் ஸ்பானர் போட்டால் கழலும்.

பிரேக் என்று ஒன்று

ஜீப்பை அலங்கரிப்பவர்கள் பலர் என்ஜினுக்கும் பெயிண்டுக்கும் செலவழித்துவிட்டு பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன். எங்காவது ஒரு இரும்புக் குழாய் துருவில் ஓட்டையானால், நாலு சக்கரமும் போச்சு! இன்றைய கார்களில் இரண்டு தனி லைன் உண்டு. இதில் கிடையாது.

போதாக்குறைக்குப் பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் குழாயை உள்ளிருந்து அரிக்கும். ஏரிப் பக்கத்து வண்டிக்குக் குழாய், ரப்பர், சிலிண்டர் எல்லாம் புதிதாகப் போட்டுத்தான் ரோட்டுக்கு இறக்க வேண்டும். பழைய பிரேக் கட்டையில் கல்நார் இருக்கும். தூசியை வாயால் ஊதக் கூடாது.

பெட்ரோலும் முன்போல் இல்லை. 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் தனிப் பிரியம். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியின் டேங்கில் ஈரம் சேர்ந்து, தண்ணீரும் எத்தனாலும் அடியில் தங்கும். அடித் தகடு அரிக்கும். உதிரும் துரு கார்பரேட்டரில் போய் அடைக்கும். பழைய ரப்பர்க் குழாய்கள் இளகும். எத்தனால் தாங்கும் குழாய்க்கு மாற்றுவதும், ஓட்டாத காலத்தில் டேங்கைக் காலி செய்து உலர்த்துவதும்தான் வழி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டு இருக்கின்றன. கியர் பாக்ஸ், ஆக்சில் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

பிரைமர் போதாது!

பெயிண்ட் வேலையில் பலரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கையில் காசு இருக்கும்போது ரெட் ஆக்சைடு அடித்து வைப்பார்கள். "மேல் பெயிண்ட் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். ஆறு மாதம் போகும். ரெட் ஆக்சைடு பிரைமர் ஈரத்தைத் தடுக்காது, உள்ளே விடும். சிவப்புப் பூச்சுக்கு அடியில் சிவப்புத் துரு வளர்ந்தால் கண்ணுக்கும் தெரியாது! வேலை இழுக்கும் என்று தெரிந்தால் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர்தான் தாங்கும்.

மழை நாளில் என்.சி. பெயிண்ட் அடித்தால் தின்னர் ஆவியாகும் வேகத்தில் காற்றின் ஈரம் பெயிண்ட் மேலேயே படியும். பளபளப்பு போய்ப் பால் ஊற்றினது போல் வெளுத்துப்போகும்.

நிறுத்தி வைப்பதற்கும் முறை உண்டு. பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினால், தரையில் இருந்து எழும் ஆவி உள்ளேயே வியர்த்துக் கொட்டும். அதற்கு மூடாமல் இருப்பதே மேல். சிமெண்ட் தரை, மேலே கூரை, நாலு பக்கமும் காற்று இருந்தால் போதும். ரப்பர் மேட்டை எடுத்துவிட வேண்டும். சேஸின் வடிகால் துளைகளில் மாதம் ஒரு தடவை கம்பி விட்டுக் குத்த வேண்டும். உள்பக்கத்துக்கு மெழுகு மருந்து விற்கிறது. பழைய மெக்கானிக்குகள் டீசலில் ஆயிலைக் கலந்து பீய்ச்சி அடிப்பார்கள். நாற்றம் அடிக்கும். துருப் பிடிக்காது.

நம்பரைக் காப்பாற்று!

இத்தனையும் செய்து வண்டி தயாராகிவிட்டால் அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ்.

2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு "விண்டேஜ்" அந்தஸ்து. புதுப் பதிவுக்கு 20 ஆயிரம் ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5 ஆயிரம். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின் "வி.ஏ." என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி ஆபீசுக்கு ஓட்டிப்போக முடியாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பழுது பார்ப்பு, பெட்ரோல் போட என்று மட்டும்தான் ரோட்டில் இறங்கலாம்.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. வண்டி அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும். சேஸ், பாடி, என்ஜின் இவற்றைப் பெரிய அளவில் மாற்றியிருந்தால் "விண்டேஜ்" கிடையாது! துருத் தின்றுவிட்டது என்று புதுச் சேஸ் போட்டவருக்கும், மைலேஜுக்காக டீசல் என்ஜின் வைத்தவருக்கும் இங்கேதான் இடி. துருவை முதல் மழையிலேயே தடுத்திருந்தால் ஒட்டுப் போட்டுத் தப்பித்திருக்கும் சேஸ், நாலு மழை விட்டால் தூக்கி எறிய வேண்டியதாகிவிடும். அதோடு அந்தஸ்தும் போகும்.

பட்டாளத்து வண்டிகளுக்கு இன்னொரு சிக்கல். ராணுவத்தில் இருந்தவரை அதற்கு ராணுவ எண்தான், ஆர்.டி.ஓ. பதிவு கிடையாது. ஏலத்தில் எடுத்தவர் கொடுக்கும் கடிதக் கட்டில் ஒரு காகிதம் குறைந்தாலும் வண்டி வாசலில் நிற்கும் பொம்மைதான். வாங்கும் முன்பே காகிதங்களை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரியது சேஸ் நம்பர். ஃபோர்டு ஜீப்பில் அதைச் சேஸின் இடதுபக்கச் சட்டத்தின் மேலேயே பொறித்திருப்பார்கள். வில்லீசில் சின்னத் தகட்டில் பொறித்து, முன் பம்பருக்குப் பின்னால் சட்டத்தின் உள்பக்கம் ரிவிட் அடித்திருப்பார்கள். இரண்டு இடத்திலும் சேறும் தண்ணீரும் தெறிக்கும். இன்ஸ்பெக்டர் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுக்கும்போது எழுத்து விழ வேண்டும். பாதி எண்தான் விழுந்தது என்றால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வரும்.

துருவைப் போக்குகிறேன் என்று கிரைண்டரை வைத்து அந்த இடத்தையும் சேர்த்து வழித்துவிடும் பையன்கள் இருக்கிறார்கள். அதனால் வண்டி பட்டறைக்குள் நுழைந்த அன்றே அந்த இடத்தைக் கண்டுபிடித்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, படம் எடுத்துக்கொண்டு, கிரீஸ் தடவி, மேலே டேப் ஒட்டிவிட வேண்டும். மற்ற வேலைகளை மறுநாள் காலையில் தொடங்கலாம்.